பச்சைப் பேனாவில் ஒரு வரி

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் பத்துப் பேர். முதியோர் இல்லத்து ஊழியர்களுக்குப் பாட்டுக் கட்டும் பயிற்சி கொடுக்க வந்த பயிற்சியாளர் அம்மா. அன்றைக்கு வகுப்பை நடத்த வேண்டிய நர்ஸ். மடியில் சின்ன மேளத்துடன் பிசியோதெரபிஸ்ட். மதிப்பெண் தாளோடு மூலையில் உட்கார்ந்திருந்த பராமரிப்பாளர். முதியவர்களைக் குளிப்பாட்டித் தூக்கி உட்கார வைக்கிறவர், தோள் இரண்டும் கதவகலம். வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் நால்வர்: ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற என்ஜின்காரர், தையல்காரம்மா, எதைக் கேட்டாலும் ‘ஹலோ’ என்று மட்டும் பதில் சொல்வதால் ஹலோ சார் என்று பெயர் வாங்கியவர், கடைசியாக என் தங்கை. சுவர் ஓரத்தில் என் மருமகளும் நானும். வேறு யாரும் இல்லை. அங்கே இல்லாதவர்கள்தான் இப்போது அதிகம் பேசுகிறார்கள் என்பதால் இதை முதலிலேயே எழுதி வைக்கிறேன்.

நான் முப்பத்து நான்கு வருடம் நீதிமன்றத்தில் வாக்குமூலம் எழுதியவன். சாட்சி சொன்னதைச் சொன்னபடி எழுதுவது என் வேலை. சாட்சி உளறினால் உளறலை எழுத வேண்டும். நடுவில் யாராவது குறுக்கிட்டால் அதையும் எழுத வேண்டும். ஒரு வார்த்தையை நானாகத் திருத்தினேன் என்று எந்த வக்கீலும் என்னைச் சொன்னதில்லை.

எங்கள் குடும்பத்தில் வெளியே பேசப்படாத விஷயம் ஒன்று இருந்தது. அது எப்படியும் இதில் வரப்போகிறது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். என் அப்பா தபால்காரர். எனக்குப் பதின்மூன்று வயது, தங்கைக்கு ஆறு வயது இருக்கும்போது, அவர் ஊரில் கொடுக்காமல் வைத்திருந்த கடிதங்கள் மூட்டை மூட்டையாக எங்கள் வீட்டுப் பரணிலிருந்து இறக்கப்பட்டன. அவர் சிறைக்குப் போனார். அப்பா வெளியூருக்குப் பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று வாசலில் நின்று கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்னேன். பிறகு ஊர் மாறினோம். புது ஊரில் அந்தப் பயிற்சிக் கதைகூடத் தேவைப்படவில்லை. என் மனைவி இது தெரியாமலே போய்ச் சேர்ந்தாள். என் மகனுக்குத் தெரியாது, மருமகளுக்குத் தெரியாது. தெரிந்தவர்களில் இன்று உயிரோடு இருப்பது இரண்டே பேர், நானும் தங்கையும். அறுபத்தெட்டு வருடம் இப்படி ஓடிவிட்டது.

தங்கை டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். நாள் முழுக்கப் பேசிச் சம்பாதித்தவள். கணவர் இறந்தார், பிள்ளைகள் இல்லை, நினைவு தடுமாற ஆரம்பித்தது, இரண்டு வருடம் முன்பு அந்த இல்லத்தில் சேர்த்தேன். செவ்வாயும் வெள்ளியும் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்ப்பேன். கடைசி மூன்று மாதமாக அவளிடம் மிச்சமிருந்தது ஒரே வார்த்தைதான். சாப்பிட்டியா என்றால் சரி. கால் வலிக்குதா என்றால் சரி. நான் கிளம்பறேன் என்றாலும் சரி. அந்த ‘சரி’யைக் கேட்டுக்கொண்டு திரும்பி வருகிற நாட்களில், இரண்டாவது பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் உட்காரத் தோன்றாது. உட்கார்ந்தால் எழுந்திருப்பது ஒரு வேலை.

பயிற்சி விஷயத்தை மருமகள்தான் கொண்டுவந்தாள்.

“மாமா, அங்க ஸ்டாஃபுக்கு ஏதோ டிரெய்னிங்காம். வயசானவங்களோட சேந்து புதுசா பாட்டு எழுதறதாம். அத்தைய சேத்துக்கலாமான்னு கேக்கறாங்க.”

“அவ பேசறதே இல்ல. என்னத்த எழுதுவா?”

“அதுக்குத்தானாம்.”

உண்மையில் எனக்குப் பயம் அவள் பேச மாட்டாளே என்றல்ல. பேசிவிட்டால்? நான் பக்கத்தில் இருப்பேன் என்ற நிபந்தனையோடு சம்மதித்தேன். மருமகள் அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் துணைக்கு வந்தாள்.

பயிற்சியாளர் அம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். அந்த வாரத்தில் அது நான்காவது இல்லம் என்றார். குரல் கட்டிப்போயிருந்தது, பிளாஸ்கிலிருந்து வெந்நீர் குடித்துக் குடித்துப் பேசினார். முதலில் எங்கள் இருவரையும் பார்த்து, “குடும்பத்தாரு சுவரோரமா உக்காரலாம். ஆனா பேசக்கூடாது. அவங்களுக்கு எடுத்துக் கொடுக்கக்கூடாது, திருத்தக்கூடாது,” என்றார். நீதிமன்றத்தில் பார்வையாளர்களுக்குச் சொல்வது போலத்தான் இருந்தது. தலையசைத்தேன்.

பிறகு நர்ஸுக்கு ஒரு முறை நினைவூட்டினார். கேள்வி கேட்டபின் மனதுக்குள் பத்து எண்ண வேண்டும், அதற்குள் வாயைத் திறக்கக் கூடாது. ஏன் என்று கேட்கவே கூடாது. சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டு பேனா. பெரியவர்கள் சொன்னது நீலத்தில். வரிக்கு வரி ஒட்டுப் போட நடத்துகிறவர் சேர்க்கிற வார்த்தை பச்சையில். “கடைசில போர்டப் பாத்தா நீலமா இருக்கணும். பச்சை ஜாஸ்தியானா அது உங்க பாட்டு, அவங்க பாட்டு இல்ல. மார்க் போயிடும்.”

நர்ஸ் சின்னப் பெண். இரவு வேலை முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. இரண்டு பேனாவையும் சட்டைப் பையில் மாட்டிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“சின்ன வயசுல உங்க வீட்டுல ஒளிஞ்சுக்கற இடம் எது?”

“எங்க வீட்லயா?” என்றார் தையல்காரம்மா. “ரெண்டு ரூமு, ஒம்போது பேரு. ஒளிஞ்சா இன்னொருத்தி மடியிலதான் ஒளியணும்.”

“கட்டிலுக்கு அடில,” என்றார் என்ஜின்காரர். “எங்கப்பா பெல்ட் அங்க எட்டாது.”

“ஹலோ,” என்றார் ஹலோ சார்.

மூன்றையும் நர்ஸ் நீலத்தில் எழுதினாள். ஹலோவையும்தான். பிறகு தங்கையின் முன்னால் வந்து அதே கேள்வியைக் கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்குவது சுவரோரத்திலிருந்த எங்களுக்குத் தெரிந்தது. ஏழு மடங்கியது. எட்டு.

“பரண்,” என்றாள் தங்கை.

மருமகள் என் முழங்கையைப் பிடித்தாள். மூன்று மாதத்தில் ‘சரி’ அல்லாத முதல் வார்த்தை.

“பரண்,” என்று திருப்பிச் சொன்னாள் நர்ஸ்.

“மேல மூட்டை இருக்கும். நான் ஏறி உக்காந்துப்பேன். மெத்து மெத்துன்னு இருக்கும்.”

“நெல்லு மூட்டையா?” என்று கேட்டார் என்ஜின்காரர்.

“கடுதாசி,” என்றாள் தங்கை. “ஊருக்கு வந்த கடுதாசி.”

“அப்படி ஒண்ணும் இல்ல,” என்றேன்.

சத்தமாகச் சொல்லவில்லை. யோசித்தும் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. பயிற்சியாளர் அம்மா அப்போது பிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை. நர்ஸ், வட்டத்தில் விழுகிற எதையும் விட்டுவிடக் கூடாது என்ற பதற்றத்தில், பலகைப் பக்கம் திரும்பி எழுதினாள். ‘ஊருக்கு வந்த கடுதாசி.’ அதற்குக் கீழே, அதே நீலத்தில், ‘அப்படி ஒண்ணும் இல்ல.’

தங்கை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். சிரித்தாள்.

“அப்பா குடுக்கவே இல்ல,” என்றாள், என்னைப் பார்த்தே.

“அப்படி ஒண்ணும் இல்லம்மா.”

“எல்லாக் கடுதாசியும் எங்க வீட்லதான்.”

“அப்படி ஒண்ணும் இல்லங்கறேன்ல!”

பிசியோதெரபிஸ்ட்டின் விரல் மேளத்தில் தானாகத் தட்ட ஆரம்பித்திருந்தது. தையல்காரம்மா கையைத் தட்டினார். “அட, இதுதான்யா பாட்டு! இரு இரு, நான் ஒண்ணு சொல்றேன். பெரிய ஆபீசர் சட்டைக்கு வலது கைய இடது பக்கம் வெச்சுத் தெச்சேன்!”

நால்வரில் இரண்டு பேர் ஒரே குரலில், “அப்படி ஒண்ணும் இல்ல!” என்றார்கள். ஒன்று என்ஜின்காரர். இன்னொன்று என் தங்கை.

“ஒரு நாள் ஒரு ஸ்டேஷன்ல நிக்காமலே போயிட்டேன்,” என்றார் என்ஜின்காரர். “பிளாட்பாரத்துல எல்லாரும் கைய ஆட்டினாங்க. டாட்டா சொல்றாங்கன்னு நெனச்சு நானும் ஆட்டினேன்.”

“அப்படி ஒண்ணும் இல்ல!”

“ஹலோ!”

மூலையில் பராமரிப்பாளர் மதிப்பெண் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி பலகையைப் பார்த்தாள். கெட்டிக்காரி. அவளை என் மகனுக்குப் பார்த்ததே நான்தான்.

அப்போதுதான் பயிற்சியாளர் அம்மா எழுந்து வந்தார்.

“ஒரு நிமிஷம். அந்த வரி யாரு சொன்னது?”

நர்ஸ் என்னைக் காட்டினாள்.

“அத ஏன் நீலத்துல எழுதின? குடும்பத்தாரு வார்த்தை பாட்டுல வரவே கூடாது. முதல் நாளே சொன்னேனா இல்லையா? ஒரு மகன் உள்ள பூந்தா, அரைமணி நேரத்துல அது அம்மா பாட்டா இருக்காது, மகன் பாட்டாயிடும். எத்தன இடத்துல பாத்திருக்கேன். அழிச்சிடு.”

நர்ஸின் முகம் விழுந்துவிட்டது. “சாரி மேடம், வட்டத்துல கேட்டதெல்லாம்...”

“அவரு வட்டத்துல இல்லம்மா. சுவர்ல இருக்காரு.”

அவள் துணியால் துடைத்தாள். மூன்று இடத்தில் நீலக் கறை நின்றது. நல்லது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு தங்கையின் வரிகளில் மிச்சமிருந்ததைப் படித்தேன். ‘பரண். மேல மூட்டை இருக்கும். ஊருக்கு வந்த கடுதாசி. அப்பா குடுக்கவே இல்ல. எல்லாக் கடுதாசியும் எங்க வீட்லதான்.’ என் மறுப்பை எடுத்துவிட்டால் நிற்பது குற்றப்பத்திரிகை.

“அதுக்கு மேல இருக்கறதையும் அழிச்சிடுங்க,” என்றேன்.

“அது அவங்க சொன்னதுங்க. அவங்க அழிக்கச் சொன்னா அழிப்போம்.”

“அவளுக்கு நெனவு சரியில்ல. நான்தான் அவளுக்குக் காப்பாளர். நான் கையெழுத்துப் போட்டாத்தான நீங்க இதைப் பாட முடியும்?”

“ஆமாங்க. போட்டாத்தான் எடுத்து வெப்போம், கடைசி நாள் எல்லாக் குடும்பமும் வரும்போது பாடுவோம்.”

“நான் போட மாட்டேன்.”

பயிற்சியாளர் அம்மா சண்டைக்கு வரவில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் சோர்ந்த கண்ணோடு என்னைப் பார்த்து, “சரிங்கய்யா. போட வேண்டாம்,” என்றார். “இந்த நர்ஸ் பொண்ணு இன்னொரு குழுவோட முதல்லருந்து பண்ணிக்கட்டும். ஆனா ஆரம்பிச்சத நடுவுல நிறுத்த மாட்டோம். முடிச்சிட்டுப் போர்டத் துடைச்சிடறோம். இந்த ரூமத் தாண்டிப் போகாது.”

நர்ஸ் மறுபடி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். பலகையில் இருந்ததைப் படித்தாள். மேளம் மெதுவாகத் தட்டியது. “பரண். மேல மூட்டை இருக்கும். ஊருக்கு வந்த கடுதாசி...”

அங்கே நிறுத்தி, தங்கையைப் பார்த்தாள். தங்கை என்னைப் பார்த்தாள்.

நான் சுவரில் இருந்தேன்.

நர்ஸின் விரல்கள் பத்தும் மடங்கி, மறுபடி முதலிலிருந்து மடங்கின. மேளம் நின்றது. தங்கை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வரி சொல்லிவிட்டு மறுவரிக்குக் காத்திருக்கிறவள் முகம் அது. எனக்கு அந்த முகம் தெரியும். ஆறு வயதில் வாசலுக்கு வந்தவர்களிடம் அவள் எதையாவது உளற வாயெடுப்பாள். நான் அவள் தலைக்கு மேலே, அப்படி ஒண்ணும் இல்லைங்க என்பேன். புது ஊரில், பள்ளிக்கூடத்தில், அவள் கல்யாணப் பேச்சில், அவள் கணவர் வீட்டு ஆட்கள் நடுவில், எங்கேயும் அவள் ஒன்று ஆரம்பிப்பாள், நான் முடிப்பேன். எங்கள் இருவருக்கும் இடையில் இருந்த பேச்சே அதுதான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

“என்ன சார்,” என்றார் என்ஜின்காரர். “உங்க டர்ன். சிக்னல் போட்டாச்சு, வண்டி நிக்குது.”

நான் பலகையில் நின்ற நீலக் கறையைப் பார்த்தேன்.

தங்கையின் கண் என் முகத்தை விட்டு இறங்கி, தன் மடிக்குப் போனது.

“சரி,” என்றாள்.

மருமகள், “மாமா,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இந்த இடத்தில் என் மனதில் என்ன ஓடியது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒன்றும் ஓடவில்லை. களைப்பாக இருந்தது. ஒரு கதவை அறுபத்தெட்டு வருடம் தோளால் தாங்கி நின்றவனுக்கு இருக்கிற களைப்பு. அந்தப் பக்கம் தள்ளுகிறவர்கள் எல்லோரும் எப்போதோ செத்துப்போய்விட்டார்கள். மிச்சமிருந்தவள் என் தங்கை ஒருத்திதான், அவளும் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“அப்படி ஒண்ணும் இல்ல,” என்றேன்.

அவள் நிமிர்ந்தாள்.

“அப்பா சைக்கிள் வாசல்லயே நின்னுது.”

“அப்படி ஒண்ணும் இல்ல.”

“போலீஸ்காரர் எனக்கு பிஸ்கட் குடுத்தாரு.”

இது எனக்கே தெரியாது. “அப்படி... ஒண்ணும் இல்ல.”

“அண்ணன் பொய் சொன்னான். அப்பா பயிற்சிக்குப் போயிருக்காருன்னான்.”

“இந்தப் பொண்ணு மாதிரியா?” என்று நர்ஸைக் காட்டினார் என்ஜின்காரர்.

தையல்காரம்மா சிரித்துச் சிரித்து இருமினார். தங்கையும் சிரித்தாள், கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சின்னப் பெண் மாதிரி. நான் என் வரியைச் சொன்னேன். ஒன்பது தடவை சொன்னேன். பராமரிப்பாளர் தாளில் எண்ணிக் குறித்து வைத்திருந்தார்.

நர்ஸ் பேனாவைத் திறந்தபடி பயிற்சியாளர் அம்மாவைப் பார்த்தாள். “எழுதட்டுமா மேடம்?”

அந்த அம்மா பிளாஸ்கைக் கையில் எடுத்தார். தன் பாடத்தைத் தானே மீறுவது யாருக்கும் சுலபமல்ல. அதில் எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது. வெந்நீர் ஒரு வாய் குடித்தார்.

“பச்சைல எழுது,” என்றார். “ஒட்டுப் போடற வார்த்தை பச்சை.”

“மார்க் போயிடுமே மேடம்.”

“பாதிப் பாட்டு பச்சையா இருக்கும், தெரியுது. காரணம் எழுது. நான் கையெழுத்துப் போடறேன்.”

பிறகு இரண்டு மெட்டு பாடிக் காட்டினார்கள். மூன்று காட்டினால் முதியவர்கள் குழம்புவார்களாம். தங்கை இரண்டாவதைக் காட்டினாள், வேகமானது. நான்கு முறை பாடினார்கள். ‘அப்படி ஒண்ணும் இல்ல’ வரும் இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பாட்டுக்காரன் அல்ல. சொன்னேன்.

முடிந்ததும் சம்மதப் படிவம் வந்தது. பாட்டின் வார்த்தைகளைப் பக்கத்திலேயே நகலெடுத்து வைத்திருந்தாள் நர்ஸ். படித்தேன். கை என்னவோ பழக்கத்தில் பிழை தேடியது. ஒன்றும் இல்லை, அவள் ஒழுங்காக எழுதியிருந்தாள். வாக்குமூலத்தின் கீழே எழுதுகிற வாசகத்தை, ‘சொன்னது சொன்னபடி எழுதப்பட்டது’ என்பதை, கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திரும்பும்போது முதல் பஸ்ஸிலேயே இடம் கிடைத்தது. உட்கார்ந்தேன்.

மூன்று நிறுத்தம் தாண்டியதும் மருமகள் கேட்டாள்.

“மாமா, அத்தை சொன்னது...”

“நெசம்.”

“எத்தன நாள் உள்ள இருந்தாரு?”

“ஏழு மாசம் இருபது நாள்.”

“இவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?”

“நானே சொல்றேன். அவன் என் பிள்ளை. என் வாயால கேக்கட்டும்.”

சொன்னேன். மகன் கேட்டுக்கொண்டான். “இவ்வளவுதானாப்பா?” என்றான். எனக்கு அது கோபமாகவும் இருந்தது, ஏனோ வெட்கமாகவும் இருந்தது. இவ்வளவுக்கா அறுபத்தெட்டு வருடம் என்று கேட்பது போல இருந்தது.

கடைசி நாளன்று எல்லாக் குடும்பங்களும் வந்தன. பாட்டைப் பாடினார்கள். நர்ஸ் தேறினாள். தங்கை இப்போதும் பெரும்பாலும் ‘சரி’தான் சொல்கிறாள், ஆனால் செவ்வாய்க்கிழமை நான் போனதும், அவள் ஏதாவது ஒன்று ஆரம்பிப்பாள், நான் மறுப்பேன், ஐந்தாறு வரி ஓடும். பிறகு களைத்துவிடுவாள். நானும்தான்.

அந்தப் பாட்டை யாரோ கைப்பேசியில் பதிவு செய்ய, அது சம்பந்தி வீடு வரை போய்விட்டது. அங்கிருந்து கிளம்பிய பேச்சு இப்போது எங்கள் உறவு முழுக்கச் சுற்றுகிறது: என் அப்பா ஊரார் கடிதங்களையெல்லாம் பிரித்துப் படித்தார், பிறர் வீட்டு ரகசியம் அறியத்தான் பதுக்கி வைத்தார் என்று.

அது தவறு. பரணிலிருந்து இறக்கியவை மூவாயிரத்து முன்னூற்று எண்பத்தாறு கடிதங்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை, தீர்ப்பிலேயே அப்படி இருக்கிறது. அந்த வருடம் அவருடைய இடது முழங்கால் மடங்கவில்லை. மேட்டுத் தெருக்களுக்கு ஏற முடியவில்லை. வேறு வேலை கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அவர் எந்தக் கடிதத்தையும் படிக்கவில்லை.